நல்லூர் மேளத்துக்கும் நாங்கள் நாள் குறிக்கிறோம்
கோடை இசைவிழாவுக்கு மாதக்கணக்கில் திட்டம் போட்டுக் காத்திருக்கும் பழக்கம் யாழ்ப்பாணத்தில் இல்லை என்று இங்கே வந்த கட்டுரை சொல்வதை ஏற்க முடியவில்லை. ஆடி அமாவாசை கழிந்த ஆறாம் நாள் யாழ்ப்பாணத்து நல்லூர்க் கந்தசுவாமி கோயிலில் கொடி ஏறும், பிறகு 25 நாள் திருவிழா. எங்கள் வீட்டு நாட்காட்டியில் சுவாமி மஞ்சம் என்ற வாகனத்தில் வரும் பத்தாம் நாளுக்கும் 24ஆம் நாள் தேருக்கும் இப்போதே வட்டம் போட்டாயிற்று. கொழும்பிலிருந்து தம்பி குடும்பம் வர ரயிலில் இடம் பிடிப்பதுதான் பெரும்பாடு. அது கோயில் திருவிழா, இசைவிழா அல்ல என்று அந்தக் கட்டுரைக்குக் கருத்து எழுதிய ஒருவர் சொல்லியிருக்கிறார். சரி, கும்பிடத்தான் போகிறோம். ஆனால் சுவாமி வெளிவீதி வரும்போது நாதஸ்வரம் ஓய, இரண்டு தவில்காரர் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்து மாறி மாறி வாசிப்பதைக் கிட்ட நின்று கேட்டவர் அப்படிச் சொல்லமாட்டார். வலது கை விரல்களில் மாட்டிய கெட்டியான கூடு, இடது கையில் கழி, அடி விழும்போது நெஞ்சுக்குள்ளேயே அதிரும். மறைந்த தவில் மேதை யாழ்ப்பாணம் தெட்சணாமூர்த்தியின் வாசிப்பை நேரே கேட்ட பெரியப்பா இன்றும் அதைச் சொல்லிச் சொல்லிக் கண் கலங்குவார். என் மகள் இப்போது மிருதங்கம் பழகுகிறாள். இந்த முறை பின்னேரப் பூசைக்கு முன்பே போய், அவளை மேளகாரருக்குப் பக்கத்தில், அந்தக் கைகள் தெரிகிற இடமாகப் பார்த்து நிறுத்தப் போகிறேன்.