வர்ச்சுவல் மெமரி ராம் ஆகிவிடாது

தம்பி, 4 ஜிபி ராம் இருக்கிற சிஸ்டத்தில் வர்ச்சுவல் மெமரியை 32 ஜிபி ஆக்கினால் ஃபோட்டோஷாப் பறக்கும் என்று மேலே எழுதியிருக்கிறீர்கள். தப்பு, தயவுசெய்து யாரும் அதை நம்பி உட்கார வேண்டாம். வர்ச்சுவல் மெமரி என்பது ராம் பத்தாதபோது பயன்படுத்த விண்டோஸ் டிஸ்க்கில் ஒதுக்கும் இடம்தான். பழைய சுழலும் டிஸ்க் நொடிக்கு 100, 150 எம்பி தருவதே பெரிது, டிடிஆர்4 ராமோ ஜிபி கணக்கில் தரும். மெமரி பத்தவில்லை என்ற எச்சரிக்கை குறையலாம், ஆனால் ஒரு லேயரை (படத்தின் ஒரு அடுக்கை) நகர்த்திவிட்டு மவுஸைப் பிடித்தபடி காத்திருக்க வேண்டும். அதோடு ஃபோட்டோஷாப்புக்கென்று ஸ்கிராட்ச் டிஸ்க் (மெமரி பத்தாதபோது அது தற்காலிகமாக எழுதிக்கொள்ளும் டிஸ்க் இடம்) தனியாக உண்டு, அது வேறு செட்டிங்.

நம் கும்பகோணத்தில் மாசிமகத்துக்கு அடிக்கிற 10க்கு 8 அடி ஃப்ளெக்ஸையே எடுங்கள். 300 டிபிஐ (அங்குலத்துக்கு 300 புள்ளி), சிஎம்ஒய்கே (அச்சுக்கான நான்கு மை நிறமுறை) என்று திறந்தால் ஒரே லேயர் 4 ஜிபி கிட்ட வந்துவிடும், அதுவும் 36,000 பிக்சல் அகலம் என்பதால் சாதாரண பிஎஸ்டி (ஃபோட்டோஷாப்பின் வழக்கமான ஃபைல் வகை) ஆகச் சேமிக்கவே முடியாது, அதன் வரம்பு 30,000தான். அதே பேனர் 72 டிபிஐயில் கிட்டத்தட்ட 230 எம்பி, ரோட்டில் நின்று பார்ப்பவருக்கு வித்தியாசமே தெரியாது. பிரஸ்காரரிடம் எத்தனை டிபிஐ வேண்டும் என்று முதலில் கேட்டுவிடுங்கள்.

அப்புறம், ஃபோட்டோஷாப் பெர்ஃபார்மன்ஸ் செட்டிங்கில் மெமரியை 100 சதவீதத்துக்கு இழுக்காதீர்கள், விண்டோஸுக்கும் கொஞ்சம் விட வேண்டும், 70 போதும். ஹிஸ்டரி ஸ்டேட்ஸை (பின்னோக்கிப் போக அது நினைவில் வைக்கும் படிகளின் எண்ணிக்கையை) குறையுங்கள். புது ராம் வாங்குவதற்கு முன் விண்டோஸ் 64 பிட்டா என்று பாருங்கள், 32 பிட்டில் 4 ஜிபிக்கு மேல் போட்டது சும்மாதான் கிடக்கும்.