மறுபடியும் ஒரு பொன்னான வாய்ப்பாம்!

இந்த மாதத்தில் இது நேரடி விற்பனைக்காரர்களின் மூன்றாவது 'வணிக விளக்கக் கூட்டம்'. மலேசியாவின் பெஸ்தாரி ஜெயாவில் கோயில் மண்டபத்து மின்விசிறி சுற்றுகிறதோ இல்லையோ, 'பொன்னான வாய்ப்பு' மட்டும் சுற்றிக்கொண்டே இருக்கிறது. 'உங்கள் வாழ்க்கையே மாறப்போகிறது!' மாற்றித் தரச் சொல்லி யார் கேட்டது? விலை எவ்வளவு என்றால், 'இது விலை அல்ல, முதலீடு' என்கிறார் பேச்சாளர். சோப்புக்கட்டி ஐயா அது! 'கடைசி 10 இடங்கள்' வேறு. போன மாதமும் அதே 10 இடங்கள்தானே மிச்சமிருந்தன? நேரடி விற்பனைக்கு 1993-லேயே சட்டம் வந்துவிட்டது. 'புரட்சிகரமான' என்ற சொல்லுக்கு எப்போது வரும்?

அன்றைய மலாயாவின் முதல் வணிகச் செம்பனைத் தோட்டம் 1917-இல் பக்கத்தில் உள்ள தென்னமரம் என்ற இடத்தில்தான் தொடங்கியது. குலையை எண்ணிக் கூலி வாங்கிய மக்களிடம் வந்து கனவுக் கணக்கா பேசுவது? முன்வரிசையில் இருந்த என் பெரியம்மாவிடம், 'அம்மா, உங்கள் கனவு என்ன?' என்று உருகினார். 'சீக்கிரம் முடித்தால் பஸ்ஸைப் பிடித்துவிடுவேன், தம்பி' என்றார் பெரியம்மா.

அதற்கும் எங்களைக் கைதட்டச் சொன்னார் அந்த மனிதர்!