மணல் சும்மா கிடக்கவில்லை

மெரினாவுக்கு எந்தத் திட்டம் வந்தாலும் அதற்கு முன்னால் ஒரு படம் வந்துவிடுகிறது. கம்ப்யூட்டரில் வரைந்த படம். ஈச்ச மரங்கள், மரப்பலகை நடைபாதை, சாய்வு நாற்காலியில் படுத்திருக்கும் ஒல்லியான ஆட்கள், இரவிலும் பகல் மாதிரி எரியும் விளக்குகள். வாட்ஸப்பில் நாலு நாள் சுற்றும். "சிங்கப்பூர் மாதிரி ஆகப் போகுது" என்று யாராவது சொல்வார்கள். அந்தப் படங்களில் ஒன்றிலாவது ஒரு ஃபைபர் படகு, வலை பிரித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் ஒரு பெரியவர், ஐஸ் பெட்டியோடு ஒரு மீன்காரம்மா இருந்து நான் பார்த்ததில்லை. மணல் எப்போதும் வெறுமையாக இருக்கும். அந்த வெறுமையை நிரப்பத்தான் திட்டம்.

என் சண்டை அந்த வெறுமையோடுதான். கலங்கரை விளக்கத்திலிருந்து அடையாறு முகத்துவாரம் வரை கண்ணுக்கு வெறும் மணலாகத் தெரியும் இடம் நொச்சிக்குப்பம், சீனிவாசபுரம் போன்ற மீனவக் குப்பங்களுக்குத் தொழில் நடக்கும் இடம். படகை ஏற்ற, வலையைக் காயவைக்க, கிழிந்ததைத் தைக்க, கருவாடு போட, ஏலம் விட அந்த மணல் வேண்டும். கடல் பொங்கி வரும் மாதங்களில் படகுகளை இன்னும் மேலே இழுத்துப் போட வேண்டும். அதற்கு அந்த இடம் காலியாக இருக்க வேண்டும். மதியம் மூன்று மணிக்குப் போய்ப் பார்த்துவிட்டு "சும்மாதானே கிடக்கு" என்பவர்கள் விடியற்காலை ஆறு மணிக்கு ஒரு தடவை போய்ப் பார்க்கலாம்.

சரி, கொஞ்சம் பழைய கதை. இன்றைக்கு நாம் கொண்டாடும் இந்த அகலமான மெரினாவே ஒரு பெரிய கட்டுமானத்தின் பக்கவிளைவுதான். 1870-களில் சென்னைத் துறைமுகத்தைக் கட்டத் தொடங்கினார்கள். நம் கரையில் வருடத்தில் அதிக மாதங்கள் நீரோட்டம் தெற்கிலிருந்து வடக்கே மணலைத் தள்ளிக்கொண்டு போகும். துறைமுகச் சுவர் அதைத் தடுத்தது. தெற்கே மணல் சேர்ந்து சேர்ந்து மெரினா அகலமானது. 1884-இல் கவர்னர் கிராண்ட் டஃப் அதன் ஓரமாக ஒரு நடைபாதை போட்டு மெரினா என்று பெயரும் வைத்தார். வடக்கே போக வேண்டிய மணல் போகவில்லை. ராயபுரம், காசிமேடு, திருவொற்றியூர் பக்கம் கடல் கரையைத் தின்றது. வீடும் தெருவும் போய், இன்று அங்கே மணலுக்குப் பதில் பாறாங்கற்கள் கிடக்கின்றன. தென்சென்னைக்காரர்கள் சுண்டல் சாப்பிட்டுக் காற்று வாங்கும் மணலில் ஒரு பங்கு வடசென்னைக்குச் சேர வேண்டியது. கடலோரத்தில் எதைக் கட்டினாலும் அதற்கான விலையை வேறு யாரோ, வேறு எங்கோ கொடுக்கிறார்கள். இது 140 வருடத்துக்கு மேலாக நம் கண் முன்னால் இருக்கும் பாடம்.

1985-இல் எம்.ஜி.ஆர். ஆட்சியில் "மெரினாவை அழகுபடுத்த" வேண்டும் என்று கட்டுமரங்களையும் வலைகளையும் அகற்றப் போனார்கள். அது துப்பாக்கிச் சூட்டில் போய் முடிந்தது. மீனவர்கள் செத்தார்கள். அழகு என்ற வார்த்தையைக் கேட்டாலே குப்பத்துப் பெரியவர்கள் ஏன் முறைக்கிறார்கள் என்று கேட்பவர்களுக்கு இதுதான் பதில். 2003-இல் ஜெயலலிதா ஆட்சியில் மெரினாவுக்கு எதிரே ராணி மேரி கல்லூரி இருக்கும் இடத்தில் தலைமைச் செயலகம் கட்டத் திட்டம் போட்டார்கள். மாணவிகள் உள்ளேயே உட்கார்ந்து போராடினார்கள். அதே சமயத்தில் மலேசிய அரசு அமைப்பு ஒன்றோடு சேர்ந்து கடற்கரையை மாற்றி அமைக்கும் யோசனையும் கிளம்பியது. இரண்டும் நடக்கவில்லை. அப்புறம் கலங்கரை விளக்கத்திலிருந்து தெற்கே கிழக்குக் கடற்கரைச் சாலைப் பக்கம் ஒரு உயர்மட்டச் சாலை, பெசன்ட் நகர் வரை ரோப் கார் என்று ஒன்று மாற்றி ஒன்று வந்துகொண்டே இருந்தது. ஆட்சி மாறினாலும் மெரினா மேல் உள்ள ஆசை மாறுவதில்லை.

எல்லாவற்றையும் விட எனக்கு முக்கியமாகப் படுவது லூப் சாலைக் கதை. பெரிய திட்டம் எதுவும் இல்லாமலே, சத்தம் போடாமல், ஒரு கடற்கரை எப்படிக் கைமாறும் என்பதற்கு அது உதாரணம். குப்பங்களுக்கு நடுவே ஒரு சாலை போட்டார்கள். எங்கள் பயன்பாட்டுக்கான உள்சாலை என்றுதான் சொன்னார்கள் என்று மீனவர்கள் சொல்கிறார்கள். சாந்தோம் நெடுஞ்சாலையில் நெரிசல் கூடக் கூட வண்டிகள் இந்தப் பக்கம் திரும்பின. மெட்ரோ வேலை தொடங்கியதும் இன்னும் கூடின. காலை எட்டரைக்கு அந்தச் சாலையில் போகிறவர்களின் எரிச்சல் எனக்குத் தெரியும், நானும் அதில் போகிறவன்தான். ஆனால் நடந்ததை வரிசையாகப் பாருங்கள். குப்பத்துக்குள் சாலை வந்தது, சாலைக்குள் ஊர் வந்தது, பிறகு ஊருக்கு இடைஞ்சலாகக் குப்பம் ஆனது. 2023 ஏப்ரலில் உயர் நீதிமன்றம் தானாக முன்வந்து வழக்கை எடுத்தது. சாலையோர மீன் கடைகளை மாநகராட்சி அகற்றியது. மீனவர்கள் சாலையை மறித்தார்கள். தலைமுறை தலைமுறையாக அங்கே மீன் விற்றவர்கள் ஒரே வாரத்தில் ஆக்கிரமிப்பாளர்கள் ஆனார்கள்.

2024 ஆகஸ்டில் நொச்சிக்குப்பத்தில் நவீன மீன் அங்காடி திறக்கப்பட்டது. சுமார் 15 கோடி ரூபாய், 366 கடைகள். நான் அங்கேதான் மீன் வாங்குகிறேன். கூரை இருக்கிறது, தண்ணீர் இருக்கிறது, மீன் வெட்டித் தர இடம் இருக்கிறது. இதையெல்லாம் குறை சொல்ல மாட்டேன். ஆனால் சங்கரா வாங்கும்போது ஒரு அம்மா சொன்னார்: "மழைக்கு இது நல்லாத்தான் இருக்கு தம்பி. ரோட்டாண்ட இருந்தப்போ வண்டிய நிறுத்தி வாங்கினு போவாங்க. இப்போ உள்ள வர்றவங்க ஞாயித்துக்கெயம மட்டும்தான்." அந்தக் கடைகளின் வடிவத்தை முடிவு செய்த மேஜையில் இந்த அம்மா உட்கார்ந்திருந்தால் என்ன குறைந்துபோயிருக்கும்?

உட்கார வைக்கிறோமே, கருத்துக்கேட்புக் கூட்டம் நடத்துகிறோமே என்பார்கள். 2023 ஜனவரி 31-ஆம் தேதி கலைவாணர் அரங்கில் பேனா நினைவுச் சின்னத்துக்கு நடந்த கூட்டம் ஞாபகம் இருக்கிறதா? கரையிலிருந்து 360 மீட்டர் கடலுக்குள், 42 மீட்டர் உயரத்தில், 81 கோடியில் ஒரு பேனா. அந்தக் கூட்டத்தின் கூச்சலில் கலைஞர் பெயரைச் சொல்லி ஆதரித்தவர்களும் உடைப்பேன் என்று சவால் விட்டவர்களும்தான் மறுநாள் செய்தியில் இருந்தார்கள். அந்த இடத்தில் வலை போடும் ஆட்கள் என்ன சொன்னார்கள் என்பது யார் மனதிலும் நிற்கவில்லை. பேனாவும் இன்றுவரை அங்கே எழவில்லை. கட்சிச் சண்டையாகிவிட்டால் இப்படித்தான், கடலைப் பற்றி யாரும் பேசுவதில்லை. தவிர, இந்தக் கூட்டங்கள் நடப்பது இடம், உயரம், செலவு எல்லாம் முடிவான பிறகு. மண்டபம் பிடித்து, பத்திரிகை அடித்து, சமையல்காரருக்கு அட்வான்சும் கொடுத்துவிட்டுப் பெண்ணிடம் போய் "உனக்குச் சம்மதமா?" என்று கேட்கிற கதை.

இந்த விஷயத்தில் மும்பையில் நடந்ததை நம் அதிகாரிகள் படிக்க வேண்டும். அங்கே கடலோரச் சாலைப் பாலத்தின் தூண்களுக்கு நடுவே 60 மீட்டர் இடைவெளி என்று வரைந்திருந்தார்கள். வொர்லி கோலிவாடா மீனவர்கள், எங்கள் படகு அந்த அலையில் அந்த இடைவெளிக்குள் பத்திரமாகப் போகாது என்றார்கள். கேட்கவில்லை. படகுகளோடு போய் வேலையை மறித்தார்கள். இழுபறிக்குப் பிறகு ஒரு தூணையே எடுத்துவிட்டு இடைவெளியை 120 மீட்டர் ஆக்கினார்கள். தினமும் அந்த வழியாகப் போய்வருபவர்களிடம் வரைவதற்கு முன்னால் ஒரு மணி நேரம் பேசியிருந்தால் கிடைத்திருக்கும் தகவல்தான் அது.

"அகமதாபாத்தைப் பார், சபர்மதி ஆத்தங்கரை எப்படி ஜொலிக்குது" என்று ஒரு கோஷ்டி வருவார்கள். வாருங்கள். சபர்மதியில் இன்று நிற்கும் தண்ணீர் நர்மதைக் கால்வாயிலிருந்து வருகிறது. கரையில் இருந்த ஆயிரக்கணக்கான குடும்பங்களை ஊருக்கு வெளியே அனுப்பித்தான் அந்த நடைபாதை வந்தது. நமக்கும் அந்த வித்தை தெரியும், செம்மஞ்சேரி, கண்ணகி நகர், பெரும்பாக்கம் என்று அதற்கு ஊர்ப் பெயர்களே இருக்கின்றன. சுனாமிக்குப் பிறகு கடலோரத்திலிருந்து செம்மஞ்சேரிக்கு அனுப்பப்பட்ட குடும்பங்கள் உண்டு. மீன்பிடிக்கிறவரை அவர் படகு நிற்கும் கரையிலிருந்து சுமார் இருபது கிலோமீட்டர் தள்ளிக் குடிவைத்துவிட்டு, வீடு கொடுத்தோம் என்று கணக்கு காட்டினோம். தவிர ஆற்றுக்கு இரண்டு பக்கமும் சுவர் எழுப்பலாம். வங்கக் கடலுக்கு எங்கே எழுப்புவீர்கள்?

அப்படியென்றால் எதுவுமே செய்யக் கூடாதா என்று கேட்டால், நிறையச் செய்ய வேண்டும் என்பேன். 2022 நவம்பரில் மாற்றுத்திறனாளிகளுக்காக மரப்பாதை திறந்தார்கள். 263 மீட்டர், 1.14 கோடி. மெரினாவில் என் நினைவில் நடந்த உருப்படியான வேலைகளில் அதற்குத்தான் முதல் இடம். சக்கர நாற்காலியில் வந்தவர்கள் அலையைக் கிட்டத்தில் பார்த்து அழுததை நாம் எல்லோரும் ஷேர் செய்தோம். இரண்டே வாரத்தில் மாண்டஸ் புயல் வந்து கடல் பக்கத்து முனையை உடைத்துப் போட்டது. உடனே "மக்கள் பணம் போச்சு" என்று கிண்டல். பாதை வேண்டும் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. புயல் மாதங்களில் கழற்றி எடுத்து வைக்கிற மாதிரி கடைசிப் பகுதியை அமைத்திருக்கலாமே என்பதுதான் கேள்வி. ஐப்பசி, கார்த்திகையில் கடல் எதுவரை ஏறும் என்று பக்கத்துக் குப்பத்தில் யாரைக் கேட்டாலும் கையைக் காட்டியிருப்பார்கள்.

கழிப்பறை, குடிநீர், நிழல், பஸ் வசதி. மெரினாவுக்கு வருகிற லட்சக்கணக்கானவர்களுக்கு வேண்டியவை இவை. 2024 அக்டோபர் 6 விமானப் படைச் சாகச நிகழ்ச்சி அன்று வெயிலிலும் நெரிசலிலும் ஐந்து பேர் இறந்தார்கள். தண்ணீர் கிடைக்காமல் மக்கள் அல்லாடினார்கள், பறக்கும் ரயில் நிலையங்களில் நசுங்கினார்கள். அந்த நிலையங்கள் இருக்கும் லட்சணம் ஏறி இறங்குபவர்களுக்குத் தெரியும். இதையெல்லாம் சரிசெய்ய 3டி படம் தேவையில்லை, ரிப்பன் வெட்டவும் வாய்ப்பில்லை. அதனால்தான் நடப்பதில்லை என்பது என் சொந்தச் சந்தேகம்.

சுத்தமான கடற்கரைகளுக்குத் தரும் சர்வதேசச் சான்றிதழான நீலக்கொடி விஷயத்திலும் இதே கோளாறுதான். அதற்காக மெரினாவில் வைத்த மூங்கில் குடையும் சாய்வு நாற்காலியும் பார்க்க அழகாகத்தான் இருக்கின்றன, குழந்தைகளோடு போகிறவர்கள் சந்தோஷமாக இருக்கிறார்கள். ஆனால் நீலக்கொடிச் சான்றிதழின் முக்கிய நிபந்தனைகளில் ஒன்று குளிக்கிற நீரின் தரம். நேப்பியர் பாலத்துக்குக் கீழே கூவம் கடலில் கலக்கிறது. கூவத்தைத் தொடாமல் குடையை நட்டுவிட்டு எந்தக் கொடியை ஏற்றினாலும் எனக்கு நெருடுகிறது. ஜனவரி முதல் மார்ச் வரை பங்குனி ஆமைகள் முட்டையிட வரும் கரை இது. குஞ்சுகள் வெளிச்சம் இருக்கும் பக்கம் போகும், கடல் பக்கம் போகாமல் சாலைப் பக்கம் திரும்பும். மாணவர்கள் வருடா வருடம் இரவெல்லாம் நடந்து முட்டைகளைப் பாதுகாக்கிறார்கள். அந்தக் கம்ப்யூட்டர் படங்களில் எரியும் விளக்குகளைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அதுதான் ஞாபகம் வரும்.

மீனவர்கள் எல்லோரும் ஒரே குரலில் பேசுகிறார்கள் என்று நான் சொல்லவில்லை. குப்பத்துப் பிள்ளைகள் பலர் கடலுக்குப் போவதில்லை. சிலருக்குக் கடற்கரையில் கடை போட ஆசை, அப்படிப்பட்டவருக்குக் கூட்டம் வந்தால் நல்லதுதான். ஊர் பஞ்சாயத்து ஒன்று சொல்லும், மீன் விற்கும் பெண்கள் வேறு சொல்வார்கள், பஞ்சாயத்தில் அவர்களுக்குப் பெரிய இடமும் கிடையாது. கேட்பது என்றால் இந்த எல்லாரையும் தனித்தனியாகக் கேட்பது. கஷ்டமான வேலைதான். ஆலோசகர் நிறுவனத்துக்கு மூன்று மாதத்தில் அறிக்கை வேண்டும் என்பதால் இந்தக் கஷ்டம் யாருக்கும் கட்டுப்படியாகவில்லை.

சட்டம் இதைக் கேட்கத்தான் சொல்கிறது. 2011 கடலோர ஒழுங்குமுறை மண்டல அறிவிக்கையும் அதற்குப் பிறகு வந்த 2019 அறிவிக்கையும் மீனவ கிராமங்களையும் அவர்களுடைய பொது இடங்களையும் வரைபடத்தில் குறிக்கச் சொல்கின்றன: படகு நிறுத்தும் இடம், மீன் காயவைக்கும் இடம், சந்தை, போக்குவரத்துப் பாதை. நம் மாநில வரைபடங்களில் இது அரைகுறையாக இருக்கிறது என்று கடலோர ஊர்க்காரர்கள் திரும்பத் திரும்பப் புகார் சொல்கிறார்கள். மெரினாவிலிருந்து கோவளம் வரை கடற்கரைகளைச் சீரமைக்க சென்னைப் பெருநகர் வளர்ச்சிக் குழுமம் (சி.எம்.டி.ஏ.) 100 கோடி ரூபாய்த் திட்டம் அறிவித்திருக்கிறது. வடசென்னை வளர்ச்சித் திட்டம் என்று தனியாக ஓடுகிறது, அதில் காசிமேட்டுக் கடற்கரையும் வருகிறது. பணம் இருக்கிறது, ஆர்வமும் இருக்கிறது. வரைபடத்தில் விடுபட்ட இடத்தில் நடைபாதை வரைந்தால் எதிர்ப்பவர் கையில் காட்ட ஒரு காகிதம்கூட இருக்காது. அதனால்தான் வரிசை முக்கியம் என்கிறேன்: முதலில் குப்பத்து ஆட்களோடு நடந்து அந்த வரைபடத்தை முடியுங்கள், தமிழில் வெளியிடுங்கள், ஒவ்வொரு குப்பத்திலும் ஒட்டுங்கள். டெண்டர் அதற்கு அப்புறம்.

அடுத்த கருத்துக்கேட்புக் கூட்டத்துக்கு அறிவிப்பு வரும்போது, கடற்கரைக்கு நடக்க மட்டும் போகும் நம்மைப் போன்றவர்களும் போக வேண்டும். பேசக் கொஞ்ச நேரம்தான் கிடைக்கும். நான் போனால் ஒரே ஒரு கேள்விதான் வைத்திருக்கிறேன்: இந்தப் படத்தில் படகு எங்கே நிற்கும்? கார்த்திகை மாதத்தில் எங்கே நிற்கும் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.