லாரிக்காரன் பக்கமும் கொஞ்சம்

லாரிகள் ஒன்றையொன்று முந்துகிறேன் என்று மோட்டார்வேயை, அதாவது விரைவுச் சாலையை, அடைத்துக்கொள்கின்றன என நான் படித்த ஒரு கட்டுரையில் அதை எழுதியவர் கோபப்பட்டிருக்கிறார். கோபம் நியாயம்தான். ஆனால் இங்கே பிரிட்டனில் எங்கள் லாரிகளுக்கு மணிக்கு 90 கிலோமீட்டரில் லிமிட்டர், அதாவது அதற்குமேல் வேகமெடுக்க விடாத கருவி, பூட்டியிருக்கிறது. முன்னால் போகிறவர் 88-ல் போனால், அவரைத் தாண்ட இரண்டு நிமிடம்கூட ஆகும். மூன்று தடச் சாலையில் வலதுகோடித் தடத்துக்குப் போக எங்களுக்கு அனுமதியும் இல்லை.

அதைவிட எரிச்சல் எது தெரியுமா? இரண்டு விநாடி இடைவெளி, அதாவது சுமார் 50 மீட்டர் விட்டு ஓட்டினால், அது தனக்காகவே விட்ட இடம் என்று ஒரு கார் வந்து சொருகும். அதுவும் எக்ஸிட்டுக்குக் கொஞ்சம் முன்னால், பிரேக் விளக்கு எரிய எரிய. 44 டன் சட்டென்று நிற்காது சாமி!

சரி, எங்கள் ஆட்களும் யோக்கியர்கள் இல்லை. சின்னக் காரின் பின்னால் ஒட்டிக்கொண்டு விரட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். 100 பவுண்டு அபராதமும் ஓட்டுநர் உரிமத்தில் ஏறும் 3 தண்டனைப் புள்ளியும் அவர்களுக்கு உறைப்பதே இல்லை.

போன வாரம் எம்1 மோட்டார்வேயில் நல்ல மழை. நான் முந்தி முடித்ததும் பின்னால் வந்த லாரி முகப்பு விளக்கை ஒருமுறை சிமிட்டியது, உள்ளே வரலாம் என்று. நானும் இண்டிகேட்டரை இடம், வலம் என்று தட்டி நன்றி சொன்னேன். கார்க்காரர்களில் இப்படிச் செய்பவர் பத்தில் ஒருவர் இருந்தால் அதிகம்.