மதுரவாயல் முடிச்சுக்கு யார் பணம் கேட்பது?

வெள்ளிக்கிழமை ராத்திரி ஒன்பதரைக்கு சென்னை மதுரவாயல் பைபாஸ் பாலத்துக்குக் கீழே ஒருதடவை நின்று பாருங்கள். தங்கச்சியை வேலூர் பஸ் ஏற்றிவிடப் போயிருந்தேன். பஸ் ஓரம்கட்ட இடமில்லாமல் பாதி உடம்பை ரோட்டிலேயே வைத்துக்கொண்டு நிற்கிறது. கிளீனர் தம்பி படியில் தொங்கியபடி "வேலூர், ஆம்பூர், கிருஷ்ணகிரி" என்று கத்துகிறான். பின்னால் கன்டெய்னர் டிரெய்லர் ஹாரனை அழுத்திக்கொண்டே இருக்கிறது. நடுவில் ஒரு பாட்டி, இடுப்பில் பேரன், ஒரு கையைத் தூக்கிக் காட்டிக்கொண்டே சாலையைக் கடக்கிறார். அந்தக் கைதான் அங்கே சிக்னல்.

இந்தச் சந்திப்பு நெரிவதற்குக் காரணம் வண்டிக் கூட்டம் மட்டும் இல்லை. வானத்திலிருந்து பார்த்தால் நாலு இதழ் பூ மாதிரி அழகாக இருக்கும். ஆனால் ஒரு இதழிலிருந்து ஏறி வருகிற வண்டி வலதுபக்கம் நுழையப் பார்க்கும், அடுத்த இதழில் இறங்க வேண்டிய வண்டி இடதுபக்கம் வெட்டும். கொஞ்ச தூரத்துக்குள் ரெண்டும் பின்னல் மாதிரி ஒன்றையொன்று தாண்டியாக வேண்டும். கார் குறைவாக இருக்கும்வரை பிரச்சினை இல்லை. நாற்பது அடி டிரெய்லர் ஒன்று தயங்கி நின்றால் போதும், பூந்தமல்லி சாலையும் நிற்கும், பைபாஸும் நிற்கும்.

இனி நிதி விஷயம். சென்னைத் துறைமுகத்தையும் இந்தச் சந்திப்பையும் இணைக்கிற துறைமுகம் – மதுரவாயல் பறக்கும் சாலைக்கு 2009 ஜனவரியில் மன்மோகன் சிங் அடிக்கல் நாட்டினார். அப்போதைய மதிப்பு 1,655 கோடி ரூபாய். கூவத்துக்குள் தூண் வருகிறது, நீரோட்டம் தடைப்படும் என்று 2012-ல் மாநில அரசு வேலையை நிறுத்தியது. 2014-ல் ஐகோர்ட் தொடரலாம் என்றது, வேலை மட்டும் தொடரவில்லை. 2022 மே மாதம் மோடி மறுபடி அடிக்கல் நாட்டினார். இந்தமுறை ரெண்டு அடுக்கு, 5,850 கோடி. பாதியில் நின்றுபோன பழைய தூண்கள் என் பையன் எல்.கே.ஜி. சேர்ந்த சமயத்தில் முளைத்தவை. இப்போது அவன் சிவில் இன்ஜினியரிங் முதல் வருஷம்.

கூவத்தைப் பற்றிய கவலை பொய் என்று நான் சொல்ல மாட்டேன். 2015 வெள்ளத்தைப் பார்த்தவன் அப்படிப் பேச முடியாது. ஆனால் தூணை எங்கே வைப்பது என்பதை அடிக்கல்லுக்கு முன்னாலேயே பேசி முடித்திருக்கலாம் இல்லையா? இன்றைக்கு அதே பாதைக்கு மூன்று மடங்குக்கு மேல் பணம். அடுக்கு கூடியிருக்கிறது, விலைவாசி ஏறியிருக்கிறது, எல்லாம் சரி. இழுத்தடித்ததற்கான வட்டியும் அதற்குள்ளே இருக்கிறது.

"மத்திய அரசு நிதி கொடுத்துவிட்டது" என்று ஒரு கட்சிக்காரர் போஸ்டர் ஒட்டுகிறார், "நாங்கள் போராடி வாங்கினோம்" என்று இன்னொருவர் ஒட்டுகிறார். கொடுத்தது யார் வீட்டுப் பணம்? பங்க்கில் பெட்ரோல் போடும்போதே சாலைக்கென்று தனியாக செஸ் என்ற கூடுதல் வரி பிடிக்கிறார்கள். அதற்குமேல் டோல். மதுரவாயல் – வாலாஜாபேட்டை சாலை இருந்த லட்சணத்தைப் பார்த்து 2020 டிசம்பரில் ஐகோர்ட்டே பாதிக் கட்டணம்தான் வாங்க வேண்டும் என்று உத்தரவு போட்டது ஞாபகம் இருக்கும். வானகரம், சூரப்பட்டு டோல்களை எடுங்கள் என்று 2021-ல் மாநில அரசு கேட்டது. முன்பணம் கட்டிவிட்ட வாடிக்கையாளர் மாதிரி கேட்க வேண்டிய நாம், மனு கொடுத்தவர் மாதிரி கைகட்டி நிற்கிறோம்.

என் பயம் வேறு. துறைமுகத்திலிருந்து மேல் அடுக்கில் தடையில்லாமல் வருகிற லாரிகள் கடைசியில் இறங்கப்போவது மதுரவாயலில்தான். அதே நாலு இதழுக்குள். குழாயை மட்டும் பெரிசாக்கிவிட்டு வாளியை அப்படியே வைத்தால் என்ன ஆகும்? அதனால் எம்.பி., எம்.எல்.ஏ. யாரைப் பார்த்தாலும் பாலம் எப்போது என்று மட்டும் கேட்காதீர்கள். சந்திப்பைப் பிரித்துக் கட்ட எவ்வளவு ஒதுக்கியிருக்கிறீர்கள், பின்னலை உடைக்க நேரடியாக ஏறி இறங்கும் சாய்வுப் பாதை (ராம்ப்) உண்டா, பஸ் நிற்க உள்வாங்கிய இடம் எங்கே, சர்வீஸ் ரோட்டு மழைநீர் எந்தக் கால்வாய்க்குப் போகும், நடந்து போகிறவருக்குப் படியோ சுரங்கப்பாதையோ வரைபடத்தில் இருக்கிறதா என்று கேளுங்கள். திட்ட மதிப்பீட்டில் முதலில் வெட்டு விழுவது இந்தச் சில்லறை வேலைகளுக்குத்தான். ரிப்பன் வெட்ட உதவாதவை.

கடைசியில் தங்கச்சி பஸ் பத்தரைக்கு வந்தது. ஏறிவிட்டாள். பதினொன்றே காலுக்கு போன் செய்தாள். வேலூர் நெருங்கிவிட்டாளா என்றா கேட்கிறீர்கள், "அண்ணா, இன்னும் பூந்தமல்லி தாண்டல" என்றாள்.