கரடிக்குக் கைத்துப்பாக்கியா? பரவும் தகவல் தவறு

பாபநாசம், மணிமுத்தாறு அடிவார ஊர்களில், காட்டை ஒட்டிய விவசாயிகள் கரடியிடமிருந்து தற்காத்துக்கொள்ள .44 மேக்னம் என்ற ஆற்றல்மிக்க கைத்துப்பாக்கியை உரிமமின்றி வைத்துக்கொள்ளலாம் என்றொரு தகவல் வாட்ஸ்அப்பில் சுற்றுகிறது. இது உண்மையல்ல.

1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின்படி உரிமமின்றித் துப்பாக்கி வைத்திருப்பது குற்றம். மலையடியில் குடியிருப்பது அதற்கு விலக்கு ஆகாது. உயிரைக் காத்துக்கொள்ள நல்லெண்ணத்துடன் வனவிலங்கைக் கொல்வதைக் குற்றமாகக் கருதக்கூடாது என்று 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் 11-ஆவது பிரிவு சொல்வது மெய்தான். ஆனால் அந்த நேரத்தில் அதே சட்டத்தை மீறிக்கொண்டிருந்தவருக்கு அந்தப் பாதுகாப்பு கிடையாது என்ற அடுத்த வரியை, தகவலைப் பரப்புவோர் வசதியாக விட்டுவிடுகிறார்கள்.

கரடிக்கு .44 மேக்னம் என்ற பேச்சு அமெரிக்காவின் அலாஸ்கா போன்ற இடங்களுக்குரியது. அங்குள்ள ஆண் பழுப்புக் கரடிகள் 300 கிலோவைத் தாண்டுபவை. நம் களக்காடு, முண்டந்துறைக் காட்டுக் கரடி பெரும்பாலும் 150 கிலோவுக்குள்தான். அதற்காக ஆபத்து குறைவு என்று கொள்ளக்கூடாது. கரையான் புற்றுக்குள் மூக்கை நுழைத்து, வெகுதூரம் கேட்கும்படி உறிஞ்சிக்கொண்டிருக்கும் கரடி, ஆள் வரும் அரவத்தைக் கவனிக்காமல், சில அடி தொலைவில் திடுக்கிட்டுத் திரும்பி முகத்தை நோக்கிப் பாய்கிறது. இடுப்பிலிருந்து துப்பாக்கியை உருவிக் குறிபார்க்க அப்போது நேரமே இராது. குறி தவறிக் காயப்பட்ட கரடியோ இன்னும் மூர்க்கமாகும்.

விடியுமுன் வயலுக்குச் செல்வோர் துணையோடு, டார்ச் வெளிச்சத்தில், உரக்கப் பேசிக்கொண்டு நடந்தால் கரடி பெரும்பாலும் தானே விலகிவிடும். ஊருக்குள் வந்துவிட்டால் கூட்டமாக விரட்டாமல் வனத்துறைக்குத் தெரிவிக்க வேண்டும்.