கரிச்சட்டியை அறைக்குள் வைக்கச் சொல்லாதீர்கள்

தை பிறந்தால் போதும், குளிரில் உயிர் தப்புவது எப்படி என்று நீட்டி முழக்கும் அந்த வாட்ஸ்அப் செய்தி தேயிலைத் தோட்டத்து குரூப் எல்லாவற்றிலும் சுற்ற ஆரம்பித்துவிடுகிறது. முதல் பாதி முழுக்க, கார் பனியில் புதைந்தால் என்ன செய்வது என்பதுதான். இலங்கை மலைநாட்டில் எங்கள் நுவரெலியா 1868 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. தை, மாசி விடியற்காலையில் புல்லெல்லாம் உறைபனி படிந்து வெளுத்துக் கிடக்கும், கொழுந்து கருகும். அதற்காகக் கார் புதைகிற அளவுக்கு இங்கே பனி கொட்டுவதில்லை. அந்தப் பாதியால் யாருக்கும் கெடுதல் இல்லை, விடுங்கள்.

எனக்கு வயிறு எரிவது அடுத்த பாதியைப் பார்த்துத்தான். கதவு, ஜன்னல் இடுக்கையெல்லாம் துணியால் அடைத்துவிட்டு, கரி நெருப்பை அறைக்குள் வைத்துக்கொண்டு தூங்க வேண்டுமாம். இதை எழுதியவருக்கும் சரி, படித்தும் பார்க்காமல் தட்டிவிட்டவருக்கும் சரி, தோட்டத் தொழிலாளர் குடியிருக்கிற லயம் எப்படி இருக்கும் என்று தெரியுமா? பத்துக்குப் பன்னிரண்டு அடி காம்பரா. இருந்தால் ஒரு ஜன்னல். அதற்குள் ஐந்தாறு பேர், கைக்குழந்தையும் சேர்த்து. அதில் தணல் சட்டியை வைத்து அடைத்தால் கார்பன் மொனொக்சைட் நிறைந்துவிடும். அதற்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. கரி நன்றாகக் கனிந்து புகையே வராமல் இருக்கும்போதும் அது வந்துகொண்டேதான் இருக்கும். ஒட்சிசனைவிட 200 மடங்குக்கும் மேல் இறுக்கமாக இரத்தத்தில் ஒட்டிக்கொள்கிற வாயு அது. முதலில் தலைவலி, அப்புறம் குமட்டல், அப்புறம் தூக்கம். தூங்கிவிட்டால் எழும்பி ஜன்னலைத் திறக்க யாருக்கு முடியும்?

போன வருடம் எங்கள் லயத்தில் ஒரு அக்கா அப்படியே செய்திருந்தார். ஜன்னல் இடுக்கில் உரச்சாக்கைச் சுருட்டித் திணித்து, கட்டிலுக்குப் பக்கத்திலேயே தணல். நல்ல வேளையாக அவருடைய மாமியார் நடு இரவில் வாந்தி எடுக்க இஸ்தோப்புக்கு, அதாவது முன் விறாந்தைக்கு, எழும்பிப் போனார், கதவு திறந்தது. காலையில் நான் போனபோது எல்லாருக்கும் தலை இடித்துக்கொண்டிருந்தது. அந்த அக்கா அப்போதும், "குளிர் தலைக்கு ஏறிடுச்சு தம்பி, இன்னிக்கு இன்னும் கொஞ்சம் இறுக்கமா அடைக்கணும்" என்றார். அவர் மேல் எனக்குக் கோபமே இல்லை. குழந்தைக்குக் குளிரக் கூடாது என்றுதான் செய்தார். அவருக்கு அதைச் சொல்லிக்கொடுத்தவர்கள் மேல்தான் கோபம்.

சாராயம் உடம்பைச் சூடாக்கும் என்பது அடுத்த பொய். தோலில் இருக்கிற இரத்தக் குழாய் விரிவதால் சூடு ஏறுவது போலத் தெரியும், அவ்வளவுதான். உண்மையில் உள்ளே இருக்கிற சூடுதான் அந்த வழியாக வெளியே போகிறது. குடித்துவிட்டு ஈர உடுப்போடு பாதையோரத்தில் விழுந்து கிடப்பவருக்கு அது உயிர் போகிற காரியம். மெழுகுதிரி மேல் பூச்சட்டியைக் கவிழ்த்தால் அறையே சூடாகிவிடுமாம். சட்டி எங்கிருந்து புதிதாகச் சூட்டைக் கொண்டுவரும்? தீப்பிடிக்க வழி செய்வதுதான் மிச்சம்.

எங்களுக்கு உண்மையிலேயே தேவையான ஒன்று அந்தச் செய்தியில் எங்கேயும் இல்லை. மலைநாட்டில் ஆளைச் சாய்ப்பது ஈரம். மழையில் நனைந்து காற்றும் அடித்தால், பத்துப் பன்னிரண்டு பாகை செல்சியஸ் குளிரிலேயே உடம்புச் சூடு 35 பாகைக்குக் கீழே இறங்கிவிடலாம். மண்சரிவுக்குப் பயந்து நடு ராத்திரியில் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு பாடசாலை மண்டபத்துக்கு ஓடுகிற சனம் நாங்கள். போனதும் ஈர உடுப்பைக் கழற்ற வேண்டும், துடைத்துக் கம்பளியால் சுற்ற வேண்டும், வெறும் சீமெந்துத் தரையில் படுக்க வைக்கக் கூடாது. கைக்குழந்தையைத் தாயின் நெஞ்சோடு தோல் படும்படி வைத்து மேலே போர்த்த வேண்டும், முகத்தை மூடாமல். நல்ல நினைவோடு இருப்பவருக்குச் சீனி போட்ட சூடான தேத்தண்ணி கொடுக்கலாம். கை கால்களைப் போட்டுத் தேய்க்கக் கூடாது. நடுக்கம் நின்று, பேச்சுக் குழறினால் உடனே 1990 அம்புலன்ஸுக்கு அழைக்க வேண்டும்.

இந்த வருடமும் அந்தச் செய்தி வந்துவிட்டது. அழிக்கச் சொன்னால், "நல்லதுக்குத்தானே போட்டேன்" என்கிறார்கள். அழித்தால் மட்டும் போதாது. படித்துவிட்டுக் கரி வாங்கி வைத்திருப்பவருக்கு நீங்கள் அழித்தது எப்படித் தெரியும்? போட்ட ஆளே அதே குரூப்பில், "அது பிழை, அறைக்குள் கரி வைக்காதீர்கள்" என்று குரல் பதிவு போட வேண்டும். வாசிக்கத் தெரியாத பாட்டிமாரும் கேட்கட்டும். இன்றைக்கு இருட்டுவதற்குள் போடுங்கள்.